ஆடும் சீட்டும் கட்டும் சீட்டும்

சீட்டு என்றால் துண்டுத் தாள். அதிலிருந்து ஆடும் சீட்டு, பயணச் சீட்டு, ஏலச் சீட்டு எனச் சொல் கிளைத்துக்கொண்டே போனது. வேலை பறிபோனாலும் 'சீட்டு கிழிந்தது' என்பார்கள். ஆட்டப் பாயை விட்டு எழுந்துவந்த துருப்புச் சீட்டு, கையில் ஒன்றுமே இல்லாத அரசியல்வாதிகளிடமும் இன்று இருக்கிறது!

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களில் சம்பளம் போட்டதும் ஆண்கள் சீட்டு ஆடுவார்கள். பெண்கள் சீட்டு கட்டுவார்கள். முன்னது சூது, பின்னது சேமிப்பு. கட்டும் சீட்டுக்குக் 'கூட்டு' என்றும் பெயர்.

சட்டத்தின் பார்வை வேறு. 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதி தடைச் சட்டம் அந்தத் தமிழ்ச் சொல்லையே தலைப்பில் தாங்கியிருக்கிறது. கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹுவே எல்லாம் அதற்கு ஒன்றுதான். நடத்துவதைத் தொழிலாகச் செய்தால் குற்றம். இந்தியாவிலோ 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்று சீட்டு நடத்தலாம். ஆகவே தமிழகத் தொலைக்காட்சித் தொடரில் கேட்கும் சீட்டும் ஈஜோக் வீட்டு வாசலில் கேட்கும் சீட்டும் ஒன்றல்ல. சீட்டு பிடித்தவர் ஊரை விட்டு ஓடிய பிறகே பலருக்கு இது தெரிய வருகிறது.