குழந்தையின் சிவப்பு மச்சம் 'தானா மறைஞ்சிடுமா'? பாதி உண்மைதான்... மீதி என்ன?

பிறந்தபோது குழந்தையின் கன்னம் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். 2, 3 வாரத்தில் கொசு கடித்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். இரண்டு மாதத்தில் அதுவே செர்ரிப் பழம் மாதிரி உப்பி நிற்கும். "கிரகணத்துல வெளிய போயிருப்பா" என்பார் ஒரு பாட்டி. "அதிர்ஷ்ட மச்சம்" என்பார் இன்னொருவர். "ஒண்ணும் பண்ண வேணாம், தானா போயிடும்" என்று சில டாக்டர்களே சொல்வதும் உண்டு.

இதன் பெயர் இன்ஃபன்டைல் ஹெமான்ஜியோமா. ரத்தக்குழாய் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வரும் கட்டி. புற்றுநோய் இல்லை. 100 குழந்தைகளில் 4, 5 பேருக்கு வரலாம். பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் அதிகம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ தானா போகாதா?

போகும். ஒரு வயதை ஒட்டி நிறம் மங்கத் தொடங்கி, பெரும்பாலும் 4 வயதுக்குள் சுருங்கிவிடும். ஆனால் கட்டி இழுத்துவிட்ட தோல் அப்படியே தங்கிவிடலாம். காற்று இறங்கிய பலூன் பழையபடி ஆகாது இல்லையா, அதுபோலத்தான். மெல்லிய சிவப்புக் கோடுகள், தளர்ந்த தோல், கொழுப்புச் சதை மேடு என ஏதாவது மிஞ்சும்.

'ஜாமா டெர்மடாலஜி' இதழில் 2016-ல் வெளியான ஆய்வு, சிகிச்சையே தரப்படாத 184 கட்டிகளைப் பார்த்தது. சுமார் 55 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க தடம் மிஞ்சியிருந்தது. இது பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த குழந்தைகளின் கணக்கு என்பதால், எல்லாச் சின்னப் புள்ளிக்கும் பொருந்தாது. படிக்கட்டு மாதிரி செங்குத்தாக எழும்பும் கட்டிகள், சரிவான விளிம்பு உள்ளவற்றைவிட அதிகத் தடம் விடும் என்பதும் அதில் தெரிந்தது.

எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகில் இருந்தால் சட்டை மறைத்துவிடும். மூக்கு நுனி, உதடு என்றால் வடிவமே மாறலாம். இமையில் வளர்ந்து கண்ணை மறைத்தால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமல் பார்வை நிரந்தரமாகக் குறையலாம். தாடைப் பகுதியில் தாடிபோலப் பரவினால் மூச்சுக்குழாயிலும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரலுக்கு ஸ்கேன் தேவைப்படும்.

தண்டலத்தில் தவறிப்போகும் வாரங்கள்

கட்டி மிக வேகமாக வளர்வது ஐந்தரை முதல் ஏழரை வாரங்களுக்குள். பெரும்பகுதி வளர்ச்சி 5 மாதத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் ஆபத்தான இடத்தில் உள்ள கட்டியை ஒரு மாத வயதுக்குள் நிபுணரிடம் காட்டச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி தண்டலம் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களில், பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் 3-ம் மாதமோ 5-ம் மாதமோதான் திரும்புவார். அப்பா ஷிஃப்ட்டில் இருப்பார், குழந்தையை வீடியோ காலில் பார்ப்பார். இங்கே வந்து டாக்டரிடம் காட்டும்போது வளர்ச்சி முடிந்திருக்கும். எந்த ஊரில் இருந்தாலும் 6-வது வாரத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போவார்கள். அன்றைக்கே சட்டையைக் கழற்றிக் காட்டிக் கேட்பது நல்லது.

சிகிச்சை என்ன?

ப்ரோப்ரனலால். இதய நோய், ரத்த அழுத்தத்துக்குத் தரும் பழைய மருந்து. பிரான்ஸின் போர்தோ நகரில், கட்டிக்கு ஸ்டீராய்டு எடுத்துவந்த குழந்தைக்கு இதயப் பிரச்சினை வர, அதற்காக இதைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி மென்மையாகத் தொடங்கியது! டாக்டர் கிறிஸ்டின் லியோட்டே-லாப்ரேஸ் குழு 2008-ல் இதை வெளியிட்டது. 2015-ல் வந்த பரிசோதனையில், 6 மாதம் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ மறைந்தது. வெறும் போலி மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம்தான்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் மருந்து இல்லை இது. ரத்தச் சர்க்கரையும் இதயத்துடிப்பும் குறையலாம். பால் குடிக்காத நேரத்தில் தரவே கூடாது.

தண்டலத்திலேயே சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியின் குழந்தைக்கும் அதில் சிகிச்சை உண்டு. வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வைத்தால், வளர்கிற வேகம் டாக்டருக்குச் சட்டென்று புரியும்.

4 வயது தாண்டிவிட்டால்? தளர்ந்த தோலை இந்த மருந்து சரிசெய்யாது. சிவப்புக் கோடுகளுக்கு லேசர், சதை மேட்டுக்கு அறுவை சிகிச்சை. மற்ற பிள்ளைகள் 'மூஞ்சில என்ன?' என்று கேட்கத் தொடங்கும் வயது அது என்பதால், பள்ளியில் சேர்க்கும் முன்பே இதை முடிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.