கட்டிலுக்கு அடியில் மாவு போல தூள் கொட்டுதா? தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்க!

காலையில் பெருக்கிய இடத்தில் மறுநாளும் மாவு மாதிரி தூள். கட்டில் காலைத் தட்டினால் இன்னும் கொஞ்சம் கொட்டுது. 'மரம் உளுத்துப்போச்சு' என்று உடனே மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடுபவர்கள் அதிகம். ஆனால் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கா?

கரையானா, வண்டா?

கரையான் வந்தால் சுவரிலும் மரத்திலும் மண் பாதை தெரியும். மாவு போன்ற தூளும், குண்டூசி குத்தியது போன்ற வட்ட ஓட்டைகளும் இருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. தாய் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும். புழு மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல், உள்ளேயே தின்று வளரும். வண்டாகி வெளியே வரும்போதுதான் ஓட்டை விழுது. அதாவது, ஓட்டை தெரியும்போது பாதி சேதம் முடிந்திருக்கும்.

இந்த வண்டுக்குத் தேவை மரத்தில் உள்ள மாவுச்சத்து. அதனால்தான் மூங்கில், ரப்பர் மரம், மாமரம் சீக்கிரம் உளுக்கும். தேக்கிலும் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியை அரிக்கும். வைரம் பாய்ந்த பகுதியைப் பெரும்பாலும் தொடாது.

எப்படி கண்டுபிடிப்பது?

தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இருக்கும் ஓட்டைகளை மெழுகால் அடையுங்கள். அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள். சில வாரங்களில் புது ஓட்டையோ புதுத் தூளோ வந்தால் பூச்சி உள்ளே இருக்கு. வண்டு வெளிவரும் காலம் மாறும் என்பதால், சில மாதங்கள் வரை கவனிப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

* வார்னிஷ், பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்த பிறகே மருந்து பூச வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உள்ளே இறங்காது.
* போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த மரப் பாதுகாப்பு மருந்தை, பாக்கெட்டில் உள்ள அளவுப்படி, கையுறை போட்டுப் பூசுங்கள். ஆழத்தில் உள்ள புழுவை இது உடனே கொல்லாது. புதிதாக முட்டையிட்டுப் பெருகுவதைத் தடுக்கும்.
* நன்றாகக் காய்ந்ததும் எல்லாப் பக்கமும், அடிப்பக்கம் உட்பட, வார்னிஷ் அடியுங்கள். நுண்துளை மூடினால் வண்டுக்கு முட்டையிட இடமில்லை.

வெயிலில் போட்டால் போதுமா? போதாது. ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளையே, சூட்டால் பதப்படுத்தினால், நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வெயில் மேல்பரப்பைத்தான் சுடவைக்கும்.

இதை செய்யவே கூடாது

மண்ணெண்ணெய் தீ ஆபத்து, வீட்டுக்குள் ஊற்றாதீர்கள். அதைவிட ஆபத்து, தானியத்துக்கு வைக்கும் வண்டு மாத்திரை. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் தூங்குபவர்களின் உயிரையே பறிக்கும்.

உத்தரம் உளுத்திருந்தால்?

ஓட்டு வீட்டு உத்தரம், மாடிப்படி, ஊஞ்சல் சட்டம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் மருந்து பூசி பலனில்லை. அடியில் யாரும் படுக்காமல், ஊஞ்சலில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டு, உடனே தச்சரை அழைத்து மரத்தை மாற்றுவதுதான் பாதுகாப்பு.