சென்னையில் கண்டுபிடித்த சிறுகோள்!



ஆசியா எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட உலக வரைபடத்தில் காட்டிவிடும். ஆனால் வானத்திலும் ஒரு ஆசியா இருக்கிறது! அது ஒரு பெரிய கல். அதைக் கண்டுபிடித்த இடம் நம்ம சென்னை!

சிறுகோள் என்றால் என்ன?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றுகின்றன. இவைதான் சிறுகோள்கள். சுமார் 460 கோடி வருடத்துக்கு முன்னாடி கோள்கள் உருவானபோது மிஞ்சிப்போனவை. வீடு கட்டி முடிச்ச பிறகு வாசல்ல ஜல்லியும் செங்கல்லும் கிடக்குமே, அது மாதிரி. வியாழனின் ஈர்ப்பு விசை இவற்றை ஒரே கோளாகச் சேர விடவில்லை.

67 ஆசியா

இந்தக் கூட்டத்தில் உள்பக்கமாக, அதாவது செவ்வாய்ப் பக்கமாகச் சுற்றுவது ஆசியா. வரிசை எண் 67. குறுக்களவு 60 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போகும் தூரம்தான்! உலோகமும் கலந்த பாறை அது. தன்னைத்தானே சுற்ற சுமார் 16 மணி நேரம் ஆகும். சூரியனைச் சுற்ற சுமார் 3 வருடம் 9 மாதம் ஆகும். இங்கே 40 கிலோ எடையுள்ள ஒருத்தி அங்கே போய் நின்றால் தராசு ஏறத்தாழ 100 கிராம்தான் காட்டும்!

நம் தலையில் விழுமா?

வகுப்பில் சொன்னதும் எல்லோரும் கேட்டது இதைத்தான். விழாது. பயப்பட வேண்டாம். பூமி சூரியனிலிருந்து 15 கோடி கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது. ஆசியா சராசரியாக 36 கோடி கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது. எவ்வளவு கிட்ட வந்தாலும் நமக்கு 14 கோடி கி.மீ. தள்ளியேதான் போகும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் பள்ளியில் கூட்டிப் போனபோது கவனித்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் வரிசை மாறாமல் ஒட்டுமொத்தமாக நகர்ந்தன. சிறுகோளும் தொலைநோக்கியில் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிதான். ஆனால் அது மட்டும் தினமும் கொஞ்சம் இடம் மாறும். ராத்திரியில் தூரத்து ஊர் விளக்கெல்லாம் அசையாமல் இருக்க, ஒண்ணு மட்டும் நகர்ந்தா அது யாரோ டார்ச் லைட்டோட போறாங்கன்னு தெரியுதில்ல? அப்படித்தான். நட்சத்திரப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கோட்டூர்புரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் அப்போது மெட்ராஸ் வானாய்வுக்கூடம் இருந்தது. 1861-இல் அதன் தலைவராக வந்த நார்மன் போக்சன், அதே வருடம் ஏப்ரல் 17 அன்று இந்தச் சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியா கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் இது. அதனால்தான் இந்தப் பெயர். பிறகு அங்கிருந்தே சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) என்று இன்னும் நான்கைக் கண்டுபிடித்தார். இதில் சில்வியாவுக்கு இரண்டு குட்டி நிலாக்கள் உண்டு!

இவர்களையும் தெரிந்துகொள்வோம்

அங்கே உதவியாளராக இருந்த நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். போக்சனின் மகள் ஐசிஸ், 1873 முதல் அங்கேயே உதவி வானியலாளராக வேலை பார்த்தார். 1886-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினராக அவர் பெயரை முன்மொழிந்தார்கள். பெண் என்பதால் சேர்க்கவில்லை. 1920-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 34 வருடம்! வானத்தைப் பார்க்கும் கண்ணில் ஆண் கண், பெண் கண் என்று உண்டா? தோழிகளே, நீங்களே சொல்லுங்கள்.

வானாய்வுக்கூடம் 1899-இல் கொடைக்கானலுக்கு மாறிவிட்டது. ஆனால் 1792-இல் தொலைநோக்கிக்காக நட்ட கருங்கல் தூண், தமிழிலும் எழுத்துப் பொறித்தது, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. அடுத்த சுற்றுலாவில் அதையும் காட்டும்படி ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சிந்திக்க ஒரு கணக்கு: ஆசியா சூரியனை ஒருமுறை சுற்றினால் அங்கே ஒரு வயது. 14 வயதான எனக்கு அங்கே மூன்று முடிந்து நாலு நடக்கிறது. உங்களுக்கு எத்தனை? நம் தலைமை ஆசிரியருக்கு எத்தனை? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி