தோட்டக் கொட்டகைகளில் நில இணைப்பு

நில இணைப்பு (எர்த்திங்) என்பது மின்கருவிகளின் உலோக உடலைக் கம்பி மூலம் மண்ணோடு இணைக்கும் பாதுகாப்பு முறையாகும். வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் தகரக் கொட்டகை, மாட்டுக்கொட்டகை, மோட்டார் அறை ஆகியவற்றுக்கு இது மிகவும் தேவை. அங்கே தரை ஈரமாக இருக்கும். பலர் வெறுங்காலோடு நடப்பர். கைபடும் தூணும் கதவும் இரும்பாக இருக்கும்.

மத்திகிரிச் சூழல்

ஓசூரை அடுத்த மத்திகிரி, அரசு கால்நடைப் பண்ணைக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்தில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களும் கறவை மாட்டுக் கொட்டகைகளும் நிறைய உள்ளன. செம்மண்ணுக்கு அடியில் பல இடங்களில் பாறை இருக்கிறது. பாறையும் காய்ந்த மண்ணும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. எனவே மழைக்காலத்தில் நன்றாக வேலை செய்யும் எர்த், கோடையில் வலுவிழக்கலாம்.

மாடுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தரையில் மின்கசிவு இருந்தால், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். கால்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் இவ்வேறுபாடும் அதிகம். மின்னோட்டம் இதயத்தின் வழியாகவும் பாயக்கூடும்.

எர்த் மட்டும் போதுமா?

போதாது. கொட்டகையின் எர்த் மின்தடை 8 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்க எர்த் 2 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட் ஃபேஸ் கம்பி தகரத்தில் பட்டால் 230 ÷ 10 = 23 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இந்த அளவுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அதுவரை தகரத்தில் 23 × 8 = 184 வோல்ட் நிற்கும். அது உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடும். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும்.

அமைக்கும் முறை

இந்தியாவில் நில இணைப்புக்கான நடைமுறை விதிகளை ஐ.எஸ். 3043 என்ற தரநிலை வகுக்கிறது.

* எர்த் குழாயைக் கட்டடச் சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிப் புதைக்க வேண்டும்.
* சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது பழைய வழக்கம். உப்பு இரும்பை அரிக்கும். பாறை நிலத்துக்குப் பென்டோனைட் களிமண் ஏற்றது.
* இரும்புத் தூண், தகரம், மோட்டார் உடல் அனைத்தையும் ஒரே எர்த் கம்பியில் இணைக்க வேண்டும்.
* நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது. நியூட்ரல் அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறும்.
* வீட்டிலிருந்து வரும் கேபிளை 75 செ.மீ. ஆழத்தில் புதைக்க வேண்டும். வேலிக் கம்பியில் கட்டி இழுக்கக் கூடாது.

பராமரிப்பு

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழாவிட்டால் மாற்ற வேண்டும். எர்த் மின்தடையைக் கோடையில் அளப்பதே சரி. அப்போதுதான் அது மிக மோசமான நிலையில் இருக்கும். இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

யாரேனும் மின்சாரம் தாக்கி விழுந்தால், தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகே முதலுதவியும் 108 அழைப்பும்.