கிளம்ப மறுக்கும் வண்டி

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் வழியாக இராசபாளையம் செல்லும் பெருஞ்சாலையில், வத்திராயிருப்புக்கு வழி பிரியும் இடத்தில் கிருஷ்ணன்கோவில் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் ஒருவர் வேன் வைத்துப் பிழைப்பதாகவும், நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகளைத் திருவில்லிபுத்தூருக்கு ஏற்றிச் செல்வதாகவும் எண்ணிக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் சாவியைத் திருப்புகிறார். வண்டி கிளம்பவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளுகிறார்கள், உயிர் வருகிறது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களில் குறை ஒன்றும் இல்லை. அடுத்த திங்களன்று மீண்டும் அதே கதை.

சூழ நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லுவார்கள். "திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம், அண்ணாச்சி! முன்கூட்டியே எடுத்து நிறுத்துங்கள்" என்பார் ஒருவர். "பாட்டரி பழசாகிவிட்டது" என்பார் மற்றொருவர். அவரும் கடன் வாங்கிப் புதுப் பாட்டரி போடுகிறார். ஒரு திங்கட்கிழமை தப்புகிறது. அதற்கடுத்த திங்கட்கிழமை வண்டி மறுபடியும் அசையாமல் நிற்கிறது. இப்பொழுது ஸ்டார்ட்டரை மாற்றவேண்டும் என்கிறார்கள். அதற்கும் பணம் வேண்டும். தேர்வுக்குச் செல்லவேண்டிய பிள்ளைகளோ சாலையில் நிற்கிறார்கள்.

இங்கே நமக்கு வேண்டுவது பணமன்று, முறை. ஊகித்து உறுப்புகளை மாற்றுவது வைத்தியமாகாது. கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, ஒவ்வொரு விடையாலும் ஐயத்தின் எல்லையைச் சுருக்கிக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

முதற் கேள்வி எளியது: சாவியைத் திருப்பும்பொழுது என்ஜின் சுழல்கிறதா, இல்லையா? நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பாட்டரியையும் ஸ்டார்ட்டரையும் குறை கூறுவதற்கு இடமில்லை. என்ஜினுக்கு வேண்டியவை எரிபொருள், காற்று, உரிய நேரத்தில் நெருப்பு, நல்ல அழுத்தம் என்பவையே. அருகிலுள்ள சிவகாசியில் செய்யும் தீக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து நனைந்திருந்தால் எத்தனை முறை உரசினாலும் அது பற்றுவதில்லை. பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கின் முனை ஈரமானாலும், கரி படிந்தாலும் நேர்வது அதுவே. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்தும்பொழுது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகையால், அங்கே எரிபொருள் வரும் வழியில் காற்றுப் புகுந்திருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

என்ஜின் சுழலவே இல்லை என்றால், ஐயம் மின்சாரத்தின் பக்கம் திரும்புகிறது. நம் வேனின் நிலை இதுவே. அங்கே அடுத்த கேள்வி பிறக்கிறது: விளக்கு எரிகிறதா? "விளக்குத்தான் பளிச்சென்று எரிகிறதே, பாட்டரியில் என்ன குறை?" என்று பலர் ஏமாறுவார்கள். ஓம் என்னும் அறிஞரின் விதியைப் பள்ளியில் படித்த நீங்கள் அவ்வாறு ஏமாறலாகாது.

பாட்டரியின் முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் களிம்பினால் 0.02 ஓம் மின்தடை உண்டாகிறது என்று கொள்வோம். ஒரு விளக்குக்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். ஐந்தை 0.02 ஆல் பெருக்கினால் 0.1 வோல்ட். இவ்விழப்பை விளக்கு உணர்வதே இல்லை. ஸ்டார்ட்டரோ 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதே களிம்பில் 3 வோல்ட் வீணாகிறது. பன்னிரண்டு வோல்ட்டை நம்பிப் பிறந்த ஸ்டார்ட்டர் ஒன்பது வோல்ட்டையும் பெறாமல் தவிக்கிறது. பாட்டரியும் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது. இடையில் இருந்த களிம்பே குற்றவாளி. எர்த் கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் துருப்பிடித்தாலும் விளைவு இதுவே. ஓர் உப்புத்தாள் தீர்த்துவைக்கும் குறைக்குப் புதுப் பாட்டரி வாங்கியவர்கள் உண்டு.

நம் வேனில் முனைகள் தூய்மையாகவே உள்ளன. அப்படியாயின், பாட்டரியில் உள்ள இருப்பை அளக்கவேண்டும். அதில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே, நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். அது 12 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால், இருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று பொருள். திங்கட்கிழமை காலையில் அளந்தால் நம் வேனின் நிலை அவ்வாறுதான் இருக்கிறது. புதுப் பாட்டரி ஏன் இப்படி வறண்டது? வரவு குறைந்திருக்க வேண்டும். அன்றேல் செலவு மிகுந்திருக்க வேண்டும்.

வரவைத் தருவது ஆல்டர்னேட்டர். என்ஜின் ஓடும்பொழுது பாட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் வரவு சரி. ஓடும்பொழுதும் 12 வோல்ட்டே காட்டினால், வார் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம். நம் வேன் 14 வோல்ட் காட்டுகிறது. ஆகவே எஞ்சியது செலவு.

இப்பொழுது திங்கட்கிழமையின் மருமம் விளங்கத் தொடங்குகிறது. இந்த வேன் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நின்றால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் மறுபடியும் புறப்படுகிறது. இடையில் 62 மணி நேரம். உடைமையாளர் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக ஒரு பாட்டுப் பெட்டியைப் பொருத்தி, அதன் கம்பியைச் சாவியின் வழியாக விடாமல் நேரே பாட்டரியில் இணைத்திருக்கிறார். பாட்டு நின்றாலும் அது 0.4 ஆம்பியரை ஓசையின்றி உண்டுகொண்டே இருக்கிறது. ஓர் இரவில் 14 மணி நேரத்துக்கு 5.6 ஆம்பியர்-மணி போகும்; பாட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும். 62 மணி நேரத்திலோ ஏறத்தாழ 25 ஆம்பியர்-மணி போய்விடுகிறது. பாட்டரியின் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணி! எஞ்சியிருக்கும் பத்தைக் கொண்டு முதல் வாரம் எப்படியோ கிளம்பிற்று. குறுகிய பயணங்களில் இழந்தது முழுதும் நிரம்பாமையால் அடுத்த வாரம் படுத்துவிட்டது. இராகுவின் மேல் பழியில்லை.

இத்தகைய கசிவைக் கண்டுபிடிக்கும் வழியும் எளியதே. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, பாட்டரியின் எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே ஓர் அம்மீட்டரை வைக்கவேண்டும். சிறிது நேரம் சென்றபின் 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் கசிவு உண்டு. பின்னர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். எதைக் கழற்றியதும் முள் சட்டென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். எதைக் கழற்றியும் இறங்காவிட்டால், நம் பாட்டுப் பெட்டியைப்போல் நேரே பாட்டரியில் இணைத்த கம்பியைத் தேடவேண்டும். அம்மீட்டர் இணைந்திருக்கும்பொழுது ஸ்டார்ட்டரை இயக்கலாகாது, கருவி எரிந்துவிடும். பாட்டரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படுமாகையால், அதனருகே தீக்குச்சி கிழிக்கவும் கூடாது.

பழங்காலத்தில் என்ஜினைக் கைப்பிடி கொண்டு சுழற்றியே கிளப்பினார்கள். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியபொழுது, ஓட்டுநருக்குக் கையே ஒரு கருவி. அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கைப்பிடியின் எதிர்ப்பே அவருக்குச் சொல்லிவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் வந்தது. பின்னர் உலகெங்கும் பரவியது. கைக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால், கை அறிந்த செய்தியும் மறைந்தது. இன்றைய வண்டிகளில் கணிப்பொறியே குறைகளைக் குறியெண்ணாகக் காட்டுகிறது. அக்குறியெண் சாட்சியேயன்றித் தீர்ப்பாகாது. எந்தச் சுற்றில் கோளாறு என்று அது சொல்லும். அதற்குக் காரணம் கருவியா, அறுந்த கம்பியா என்பதை நாம்தான் ஆராயவேண்டும்.

கிருஷ்ணன்கோவிலில் 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய கலசலிங்கம் பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஓம் விதியை அங்கே ஆண்டுதோறும் பலர் பயில்கின்றனர். அவ்விதி கரும்பலகையோடு நின்றுவிடாமல் சாலைக்கும் வருமாயின், ஓர் ஏழை ஓட்டுநரின் கடன் குறையும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டு வண்டி அடுத்த முறை மறுக்கும்பொழுது, ஒரு தாளை எடுத்து, எந்நாள், எந்நேரம், எத்தனை மணி நின்றபின், என்ன ஓசை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நம் வேனுக்கு ஆன செலவு, ஒரு கம்பியைப் பிரித்துச் சாவியின் வழியாக இணைத்த கூலி மட்டுமே. பிள்ளைகள் இப்பொழுது திங்கட்கிழமையும் நேரத்தோடு பள்ளிக்குப் போகிறார்கள், பாட்டும் கேட்கிறார்கள்.