சிவகாசி – சென்னை இடையிலான தொலைவு

சிவகாசிக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 485 கி.மீ. ஆகும். சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 540 கி.மீ. ஆகும். முதல் எண் வரைபடத்துக்கு மட்டுமே உதவும். ஏனெனில் சிவகாசியில் மட்டுமல்ல, விருதுநகர் மாவட்டத்தில் எங்குமே பயணிகள் விமான நிலையம் இல்லை.

வான்வழித் தொலைவைக் கணக்கிடும் முறை

வான்வழித் தொலைவு என்பது இரு இடங்களுக்கு இடையிலான நேர்கோட்டுத் தொலைவு. சிவகாசி 9.45° வடக்கு, 77.80° கிழக்கிலும், சென்னை 13.08° வடக்கு, 80.27° கிழக்கிலும் உள்ளன. அகலாங்கு வேறுபாடு 3.63°. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் இது 403 கி.மீ. ஆகிறது. நெட்டாங்கு வேறுபாடு 2.47°. இப்பகுதியில் ஒரு பாகைக்கு 109 கி.மீ. வீதம் இது 269 கி.மீ. ஆகிறது. பள்ளியில் படித்த பிதாகரசு தேற்றத்தில் இவ்விரண்டையும் இட்டால் 485 கி.மீ. கிடைக்கும்.

சாலை வழி

திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, விருதுநகர் என்று சாலை பெரும்பாலும் தென்மேற்காகவே செல்வதால், கூடுதல் தூரம் 55 கி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. விருதுநகரில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ விட்டு மேற்கே திரும்பினால் ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி ஏறத்தாழ 25 கி.மீ. பேருந்துப் பயணம் ஓர் இரவு முழுதும் பிடிக்கும். செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவுத் தொடர்வண்டியும் விருதுநகர், சிவகாசி வழியாகவே செல்கிறது.

விமானத்தில் செல்வோர் மதுரையில் இறங்க வேண்டும். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி அளவே. மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே இருப்பதால் ஊருக்குள் நுழையாமலே திருமங்கலம் பக்கம் போய்விடலாம். அங்கிருந்து சிவகாசிக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்கூட்டியே விமான நிலையம் சென்று காத்திருப்பதையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டாசுடன் திரும்புவோர் கவனத்திற்கு

தீபாவளிக்கு முன் சிவகாசி செல்வோரில் பலர் பட்டாசு வாங்கவே செல்கின்றனர். இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. திரும்பும்போதுதான் சிக்கல். விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, பட்டாசு கொண்டுசெல்ல முடியாது. தொடர்வண்டியில் கொண்டுசென்றால் 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "கம்பி மத்தாப்புதானே" என்று பையின் அடியில் வைப்பவர்கள் அபராதத் தொகையைத்தான் எண்ணுகிறார்கள். ஓடும் பெட்டியில் ஒரு பொறி பட்டால் இறங்கித் தப்ப வழியில்லை என்பதை எண்ணுவதில்லை. பயணிகள் பேருந்துக்கும் இது பொருந்தும்.

எனவே பட்டாசைப் பொறுத்தவரை வான்வழித் தொலைவு என்று ஒன்று இல்லை. சாலைத் தொலைவு மட்டுமே உண்டு. வெடிபொருள் விதிகள், 2008-க்கு உட்பட்டு லாரிகளில்தான் அது வெளியூர் செல்கிறது. டெல்லியும் சிவகாசியும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில் இருப்பதால் நேர்கோட்டில் 2,130 கி.மீ. அளவே. ஆனால் விருதுநகரைத் தொட்டுச் செல்லும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரி கடக்க வேண்டியது 2,600 கி.மீ.க்கும் மேல். சென்னைவாசிகள் வாங்கிய கடையிலேயே கேட்டு, லாரி சர்வீசில் பதிவு செய்துவிட்டு வெறுங்கையுடன் தொடர்வண்டி ஏறலாம்.