ஃபிலிம் போட்டோ சொதப்பிடுச்சா? ஸ்கேனை விடுங்க, நெகட்டிவைப் பாருங்க!

ஃபிலிம் கேமராவில் படம் எடுத்து, லேபில் டெவலப் செய்து, ஸ்கேனை நண்பர்களுக்கு அனுப்பியதும் கேள்விகள் வரும். "ஏன் இவ்ளோ டல்லா இருக்கு?", "கலர் பச்சையா அடிக்குதே?", "கேமரா ரிப்பேரா?" ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆனால், ஸ்கேனை மட்டும் வைத்து இதற்கெல்லாம் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஏன்?

கலரை முடிவு செய்வது யார்?

கலர் நெகட்டிவில் வண்ணங்கள் தலைகீழாக இருக்கும். அதோடு ஆரஞ்சு நிறமும் படர்ந்திருக்கும். அதை நேராக்கி நிறத்தைச் சரிசெய்வது ஸ்கேனரும் அதை இயக்குபவரும்தான். ஒரே நெகட்டிவை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு விதமாகக் கலர் வரலாம். 'இந்த ஃபிலிமோட கலரே தனி' என்று நடக்கும் விவாதம், பல நேரம் ஸ்கேனரைப் பற்றிய விவாதம்தான்.

நெகட்டிவில் என்ன தெரியும்?

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே விஷயம் புரியும்.

* படம் மெலிதாக, நிழல் பகுதி வெறுமையாக இருந்தால்: போதிய வெளிச்சம் விழவில்லை. அதை ஸ்கேனர் வலிந்து பிரகாசமாக்கும்போதுதான் புள்ளி புள்ளியாக, சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது.
* படமே இல்லை, ஆனால் ஓரத்தில் எண்களும் ஃபிலிமின் பெயரும் தெளிவாக இருந்தால்: டெவலப்பிங் ஒழுங்காக நடந்திருக்கிறது. ரோல் கேமராவுக்குள் நகராமல் இருந்திருக்கலாம், ஷட்டர் திறக்காமல் போயிருக்கலாம்.
* ஓர எண்களும் இல்லாவிட்டால்: அவை தொழிற்சாலையிலேயே பதியப்படுபவை. அதனால் சந்தேகம் கேமரா மேல் அல்ல, டெவலப்பிங் மேல்தான்.

ஸ்கேன்தான் இருக்கே, நெகட்டிவ் எதுக்கு?

சில லேப்கள் ஸ்கேனை மட்டும் அனுப்பும். கேட்டால்தான் நெகட்டிவ் திரும்பி வரும். 'அது எதுக்கு?' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு.

அமெரிக்காவின் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர் விவியன் மேயர். பல ஆண்டுகள் தெருக்களைப் படம் எடுத்தும், பெரும்பாலான படங்களை யாருக்கும் காட்டவில்லை. 2007-ல் அவருடைய நெகட்டிவ்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு பகுதியை வாங்கிய ஜான் மலூஃப், 2009-ல் சில படங்களைப் புகைப்பட ஆர்வலர்களோடு பகிர்ந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மேயர் காலமாகியிருந்தார். நெகட்டிவ்கள் குப்பைக்குப் போயிருந்தால், பார்ப்பதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது.

ஹார்டு டிஸ்க் கெட்டாலும், நாளைக்கு இன்னும் நல்ல ஸ்கேனர் வந்தாலும், நெகட்டிவ் இருந்தால் மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

* ரோலைக் கொடுக்கும்போதே, "நெகட்டிவ் திரும்ப வேணும்" என்று சொல்லிவிடுங்கள்.
* பி.வி.சி. உறை வேண்டாம். நெகட்டிவுக்கென்றே விற்கும் உறையில், வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். ஈரப்பதம் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும்.
* படத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்கும்போது, வெள்ளைத் திரை மேல் நெகட்டிவை வைத்து, ஓரத்தோடு சேர்த்து மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஃபிலிமின் பெயர், கேமராவில் வைத்த ஐ.எஸ்.ஓ. அளவையும் குறிப்பிடுங்கள். பதில் சொல்பவர்களுக்கு ஊகிக்க வேண்டிய வேலை குறையும்.